பூட்டிய நாட்டோடு பேசுவது எப்படி? வட கொரியாவை வைத்து ஒரு விளக்கம்

2011 டிசம்பர் 17ஆம் தேதி, சனிக்கிழமை காலை, வட கொரியத் தலைவர் கிம் ஜாங் இல் இறந்துபோனார். அன்றும் மறுநாளும் தென் கொரிய அதிபர் லீ மியுங் பாக் ஜப்பானில் சுற்றுப்பயணத்தில் இருந்தார். பக்கத்து நாட்டுத் தலைவர் உயிரோடு இல்லை என்பது அவருக்கும் தெரியாது, அவருடைய உளவுத்துறைக்கும் தெரியாது. 19ஆம் தேதி நண்பகலில் வட கொரியத் தொலைக்காட்சியில் கறுப்பு உடையணிந்த அறிவிப்பாளர் அழுதுகொண்டே செய்தி வாசித்தபோதுதான் உலகத்துக்கே விஷயம் தெரிந்தது. சியோல் நகரிலிருந்து எல்லை ஐம்பது கிலோமீட்டர் தூரம்தான்.

இதைச் சொல்லிவிட்டு “எவ்வளவு மர்மமான நாடு பாருங்கள்!” என்று முடித்துக்கொள்வது சுலபம். வட கொரியா பற்றித் தமிழில் வரும் காணொளிகளில் பெரும்பாலானவை அந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன. முடிவெட்டிக்கொள்ளச் சட்டம், விநோதமான தண்டனைகள் என்று கதை போகும். ஆனால் 2.6 கோடி மக்கள் வாழும் ஒரு நாடு மர்மத்தை வைத்து எழுபது ஆண்டுகள் ஓடாது. அதற்கு எண்ணெய் வேண்டும், உரம் வேண்டும், டாலர் வேண்டும், மருந்து வேண்டும். இவற்றையெல்லாம் வெளியிலிருந்து வாங்கிக்கொண்டே தன் மக்களை வெளியிலிருந்து பிரித்து வைப்பது எப்படி? அப்படிப்பட்ட அரசோடு மற்ற நாடுகள் என்னதான் செய்ய முடியும்? இந்த இரண்டு கேள்விகளையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

எது மூடியிருக்கிறது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். உலகம் ஒதுக்கி வைப்பதும், ஒரு நாடு தன்னைத்தானே மூடிக்கொள்வதும் வெவ்வேறு. வட கொரியா ஐ.நா.வில் 1991 முதல் உறுப்பினர். தென் கொரியாவும் அதே நாளில்தான் சேர்ந்தது. சுமார் 160 நாடுகளோடு அதற்குத் தூதரக உறவு உண்டு. லண்டனில், டெல்லியில், பெர்லினில் தூதரகங்கள் வைத்திருக்கிறது. சட்டப்படி பார்த்தால் இது சாதாரணமான ஒரு நாடு.

மூடியிருப்பது வேறு மூன்று விஷயங்களில்: மக்கள் நடமாட்டம், தகவல், பணம். வட கொரியக் குடிமகன் வெளிநாடு போவது இருக்கட்டும், பக்கத்து மாகாணத்துக்குப் போகவே அனுமதிச் சீட்டு வேண்டும். வானொலிப் பெட்டிகள் அரசு அலைவரிசைக்கு மட்டும் பொருத்தப்பட்டு வரும். கைபேசிகள் உண்டு, 2008இல் எகிப்து நாட்டு நிறுவனமான ஒராஸ்காம் கூட்டு முயற்சியாக அந்தச் சேவையைத் தொடங்கியது, இன்று பல லட்சம் பேரிடம் கைபேசி இருக்கிறது. ஆனால் அதிலிருந்து வெளிநாட்டுக்குப் பேச முடியாது, உலக இணையத்தையும் பார்க்க முடியாது. நாட்டுக்குள் மட்டும் ஓடும் தனி வலையமைப்பு ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆக, கதவுகள் இருக்கின்றன. எந்தக் கதவு எப்போது, யாருக்காகத் திறக்கும் என்பதை ஓர் அரசு மட்டுமே முடிவு செய்கிறது. மூடிய நாடு என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக எளிய விளக்கம் இதுதான். இதில் வட கொரியா மட்டும் தனி இனம் இல்லை. கம்யூனிஸ்ட் தலைவர் என்வர் ஹோஜாவின் அல்பேனியா 1961இல் சோவியத் யூனியனோடும் 1978இல் சீனாவோடும் முறித்துக்கொண்டு, ஊரெங்கும் கான்கிரீட் பதுங்குகுழிகளைக் கட்டிவைத்துக்கொண்டு ஒடுங்கியது. 1962இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு பர்மா எப்படிக் கதவைச் சாத்தியது என்பதைச் சென்னை பர்மா பஜாரின் பழைய குடும்பங்களைக் கேட்டாலே சொல்வார்கள். வட கொரியாவின் சிறப்பு, இந்த ஏற்பாட்டை மூன்று தலைமுறைகளுக்கு, ஒரே குடும்பத்தின் கையில், குலையாமல் வைத்திருப்பது.

இந்த நிலைக்கு வந்த கதை

1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் ஆதிக்கத்தில் இருந்தது. ஜப்பான் சரணடைந்த நேரத்தில், வடக்கே சோவியத் படை இறங்கிக்கொண்டிருக்க, தெற்கே எந்த இடத்தில் கோடு கிழிப்பது என்று வாஷிங்டனில் இரண்டு இளம் ராணுவ அதிகாரிகள் வரைபடத்தைப் பார்த்து 38ஆவது அட்சக்கோட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள். 1948இல் அது இரண்டு நாடுகளாயிற்று. 1950 ஜூன் 25இல் வடக்கின் முதல் தலைவர் கிம் இல் சுங்கின் படை தெற்கே நுழைந்தது. மூன்றாண்டுப் போருக்குப் பின் 1953 ஜூலை 27இல் கையெழுத்தானது போர்நிறுத்த ஒப்பந்தம் மட்டுமே. அமைதி உடன்படிக்கை இன்றுவரை இல்லை. இடையில் 250 கிலோமீட்டர் நீளமும் 4 கிலோமீட்டர் அகலமும் கொண்ட ராணுவமற்ற பகுதி இருக்கிறது. பெயருக்குத்தான் ராணுவமற்றது, அதன் இரண்டு கரையிலும் படைகள் குவிந்து கிடக்கின்றன.

அந்தப் போரில் அமெரிக்க விமானங்கள் வடக்கின் நகரங்களை ஏறக்குறையத் தரைமட்டமாக்கின. இதை விட்டுவிட்டு வட கொரியாவின் பயத்தைப் புரிந்துகொள்ள முடியாது. அதே சமயம், அந்தப் பயத்தை அரசு முதலீடாகவும் மாற்றிக்கொண்டது. போர் முடிந்த பிறகு குடும்பங்கள் மூன்று பெரிய பிரிவுகளாக வகைப்படுத்தப்பட்டன: விசுவாசிகள், ஊசலாடுபவர்கள், விரோதிகள். தாத்தா ஜப்பானியர் காலத்திலும் போரின்போதும் என்ன செய்தார் என்பதை வைத்துப் பேரனின் படிப்பும் வேலையும், தலைநகரில் வசிக்கலாமா என்பதும் முடிவாகும். ‘சோங்புன்’ என்று இதற்குப் பெயர். பிறப்பை வைத்து மனிதனை எடைபோடும் முறையை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

எழுபதுகள் வரை வடக்குக்கும் தெற்குக்கும் பொருளாதாரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. சில விஷயங்களில் வடக்கு முன்னால்கூட இருந்தது. அந்தக் காலத்தில் மேற்கு நாடுகளோடும் அது வியாபாரம் செய்தது. ஸ்வீடனிடமிருந்து ஆயிரம் வோல்வோ கார்களைக் கடனுக்கு வாங்கியது. பணம் மட்டும் போய்ச் சேரவில்லை. ஸ்வீடனின் ஏற்றுமதிக் கடன் அமைப்பு பல பத்தாண்டுகளாக நினைவூட்டுக் கடிதம் அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், 1975இல் பியோங்யாங்கில் திறந்த தூதரகத்தை ஸ்வீடன் மூடவில்லை. அமெரிக்காவுக்கு அங்கே தூதரகம் இல்லை. வட கொரியாவில் சிக்கிக்கொள்ளும் அமெரிக்கர்களைச் சிறையில் போய்ப் பார்ப்பது இந்த ஸ்வீடன்காரர்கள்தான். கடன் வராவிட்டாலும் அங்கே ஓர் ஆள் இருப்பது எவ்வளவு பெறுமானம் என்று பின்னால் பார்ப்போம்.

வட கொரியா பேசும் தத்துவம் ‘ஜூச்சே’, அதாவது சொந்தக் காலில் நிற்பது. நடைமுறையில் அது நின்றது மாஸ்கோ கொடுத்த மலிவு எண்ணெயிலும் பெய்ஜிங் கொடுத்த தானியத்திலும். இரண்டு பேரையும் ஒருவருக்கொருவர் போட்டியாக வைத்து இருவரிடமும் வாங்குவதில் கிம் இல் சுங் கெட்டிக்காரர். 1991இல் சோவியத் யூனியன் கலைந்ததும் அந்த ஆட்டம் முடிந்தது. எண்ணெய் இல்லை, அதனால் உரம் இல்லை, நீரேற்று மோட்டார்களுக்கு மின்சாரம் இல்லை. 1995இல் பெருவெள்ளமும் சேர்ந்துகொண்டது. அரசு ரேஷன் நின்றுபோனது. அந்தப் பஞ்சத்தில் இறந்தவர்கள் எத்தனை என்பதில் ஆய்வாளர்களிடையே ஒற்றுமை இல்லை. ஆறு லட்சம் முதல் பத்து லட்சம் என்பது பரவலாக ஏற்கப்படும் கணக்கு, இன்னும் அதிகம் சொல்பவர்களும் உண்டு.

ரேஷன் நின்றபோது மக்கள் என்ன செய்தார்கள்? சந்தை போட்டார்கள். பெரும்பாலும் பெண்கள். ஆண்கள் சம்பளமில்லாத தொழிற்சாலைக்குக் கட்டாயமாகப் போய் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட, பெண்கள் வீட்டிலிருந்ததை விற்று, பிறகு வாங்கி விற்று, குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். ‘ஜாங்மாடாங்’ எனப்படும் இந்தச் சந்தைகள்தான் இன்றைய வட கொரியாவின் நிஜமான பொருளாதாரம். அரசுக்கு இது பிடிக்கவில்லை, ஆனால் இது இல்லாமல் முடியவுமில்லை. 2009 நவம்பரில் பழைய 100 வோன் தாளுக்குப் புதிய 1 வோன் என்று பணத்தை மாற்றி, ஒரு குடும்பம் மாற்றக்கூடிய தொகைக்கும் வரம்பு வைத்தார்கள். வியாபாரிகளின் சேமிப்பு ஒரே வாரத்தில் காகிதமாயிற்று. விலைகள் எகிறின, மக்கள் முணுமுணுத்தார்கள், சில மாதங்களில் அரசு சந்தைகளை மறுபடியும் அனுமதித்துவிட்டது. 2016இல் நாமும் ஒரு நவம்பரில் வங்கி வாசலில் நின்றவர்கள்தான் என்பதால் அந்த முணுமுணுப்பைக் கற்பனை செய்வது கடினமில்லை.

உள்ளே நடப்பது வெளியே எப்படித் தெரிகிறது?

இது சாதாரணக் கேள்வி மாதிரி தெரியும். ஆனால் வட கொரியா பற்றி நீங்கள் படிக்கும் எதையும் நம்புவதா வேண்டாமா என்பது இதில்தான் இருக்கிறது.

தனது ஏற்றுமதி இறக்குமதிக் கணக்கை வட கொரியா வெளியிடுவதில்லை. ஆனால் சீனச் சுங்கத்துறை தன் பக்கத்துக் கணக்கை வெளியிடுகிறது. வட கொரியாவின் வெளிவர்த்தகத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சீனாவோடுதான் என்பதால், எதிராளியின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தே பாதி விஷயத்தைத் தெரிந்துகொள்ளலாம். மொத்த உற்பத்தியைத் தென் கொரியாவின் மத்திய வங்கி ஆண்டுதோறும் மதிப்பிடுகிறது. யோங்பியோன் அணு உலையின் குளிரூட்டும் நீர் ஆற்றில் கலக்கிறதா, ஏவுதளத்துக்கு வண்டிகள் வருகின்றனவா என்பதைத் தனியார் செயற்கைக்கோள் படங்களே காட்டிவிடுகின்றன. எல்லையோரத்தில் கடத்தி வந்த சீனக் கைபேசிகள் வழியாக அரிசி விலையும் டாலர் விலையும் வெளியே வருகின்றன. அரசு நாளேட்டை வரிக்கு வரி படிப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். மேடையில் யார் எந்த வரிசையில் நின்றார் என்பதுகூட அவர்களுக்குச் செய்தி.

அப்புறம், தப்பி வந்தவர்கள். இதுவரை சுமார் 34,000 பேர் தென் கொரியா வந்து சேர்ந்திருக்கிறார்கள். 2014இல் மைக்கேல் கிர்பி தலைமையிலான ஐ.நா. விசாரணை ஆணையம், அரசியல் கைதி முகாம்கள், சித்திரவதை, பட்டினி பற்றி வெளியிட்ட அறிக்கை, வெளிப்படையாகச் சாட்சி சொன்ன எண்பதுக்கும் மேற்பட்டவர்களையும் ரகசியமாகப் பேசிய 240 பேரையும் நம்பி எழுதப்பட்டது. வட கொரியா அந்த ஆணையத்தை உள்ளே விடவில்லை. இந்தச் சாட்சியங்களில் ஒரு சாய்வு உண்டு: தப்பி வந்தவர்களில் பெரும்பாலோர் சீன எல்லையோர வடக்கு மாகாணங்களைச் சேர்ந்தவர்கள். பியோங்யாங்கில் வசதியாக இருப்பவரின் அன்றாடம் அவர்கள் வழியே நமக்குக் கிடைக்காது. அதற்காக அவர்கள் சொல்வது பொய் என்று ஆகிவிடாது. முகாமைப் பற்றித் தனித்தனியாக வந்த பலர் ஒரே விஷயத்தைச் சொல்லும்போது அதைத் தள்ளிவிட முடியாது.

எதை நம்பக் கூடாது? பெயரில்லாத ஒரே ஒரு ஆதாரத்தை வைத்து வரும் பரபரப்பான மரணச் செய்தியை. ஹியோன் சோங் வோல் என்ற பாடகி 2013இல் சுட்டுக்கொல்லப்பட்டதாக உலகப் பத்திரிகைகள் எழுதின. மறு ஆண்டே அவர் தொலைக்காட்சியில் தோன்றினார். 2018இல் தென் கொரியாவுக்கு வந்த கலைக்குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் அவர்தான். 2020 ஏப்ரலில் கிம் இல் சுங்கின் பேரனும் இப்போதைய தலைவருமான கிம் ஜாங் உன்னே இறந்துவிட்டார் என்று பாதி உலகம் நம்பியது. மே மாதத் தொடக்கத்தில் ஓர் உரத் தொழிற்சாலையின் திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டிக்கொண்டிருந்தார். மறுப்புச் சொல்ல ஆளில்லாத நாடு என்பதால் அதைப் பற்றி எதையும் எழுதலாம் என்ற தைரியம் பத்திரிகைகளுக்கு வந்துவிடுகிறது.

பேசிப் பார்த்தது

சரி, இப்படிப்பட்ட அரசோடு உலகம் என்ன செய்கிறது? பேச்சு, தடை, உதவி, வியாபாரம் என்று நான்கு வழிகள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில், ஒன்றுக்கொன்று முரணாக, வெவ்வேறு நாடுகள் செய்துகொண்டிருக்கின்றன. ‘உலகம்’ என்று ஓர் ஆள் கிடையாது. அமெரிக்காவுக்கு அணு ஆயுதம் கவலை. சீனாவுக்கு, அரசு கவிழ்ந்தால் எல்லையில் ஓடும் யாலு ஆற்றைத் தாண்டி வரப்போகும் அகதிகளும், எல்லைவரை வந்து நிற்கக்கூடிய அமெரிக்கப் படையும் கவலை. ஜப்பானுக்கு எழுபது எண்பதுகளில் கடத்திச் செல்லப்பட்ட தன் குடிமக்கள். 2002இல் ஜப்பானியப் பிரதமர் கொய்சுமி பியோங்யாங் போனபோது கிம் ஜாங் இல் அந்தக் கடத்தல்களை ஒப்புக்கொண்டார், ஐந்து பேர் திரும்பினர். தென் கொரியாவுக்கு ஆட்சி மாறும்போதெல்லாம் கவலையும் மாறும்.

பேச்சில் பலன் கிடைத்த காலமும் உண்டு. 1994இல் அமெரிக்காவோடு போட்ட ஒப்பந்தப்படி யோங்பியோன் உலையை வட கொரியா நிறுத்தி வைத்தது. பதிலுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் டன் எரியெண்ணெயும், மின்சாரத்துக்காக இரண்டு புதிய அணு உலைகளும் தருவதாகப் பேச்சு. எட்டு ஆண்டுகள் அந்த உலையில் அணுகுண்டுக்கான புளூட்டோனியம் எடுக்கப்படவில்லை. எண்ணெய் தாமதமாக வந்தது, புதிய உலைகள் எழும்பவே இல்லை, இந்தப் பக்கம் வட கொரியா யுரேனியம் வழியில் ரகசியமாக இறங்கியிருந்தது. 2002இல் எல்லாம் உடைந்தது. 2003இல் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்திலிருந்து வெளியேறியது, 2006 அக்டோபர் 9இல் முதல் அணுகுண்டைச் சோதித்தது. 2017 செப்டம்பருக்குள் ஆறு சோதனைகள் முடிந்துவிட்டன.

யார் முதலில் ஏமாற்றினார்கள் என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 2019 பிப்ரவரியில் ஹனோயில் நடந்தது. டிரம்ப்பும் கிம் ஜாங் உன்னும் இரண்டாம் முறை சந்தித்தார்கள். யோங்பியோனை மூடுகிறேன், 2016, 2017இல் வந்த ஐ.நா. தடைகளில் ஐந்தை நீக்குங்கள் என்பது வட கொரியா வைத்த பேரம். அமெரிக்கா ஒத்துக்கொள்ளவில்லை, மதிய விருந்து நடக்காமலே கிளம்பிவிட்டார்கள். அந்த ஐந்து என்ன என்று பார்த்தால் வட கொரியாவுக்கு எங்கே வலிக்கிறது என்பது தெரியும்.

தடை எப்படி வேலை செய்கிறது?

முதல் அணுச் சோதனைக்குப் பிறகு, 2006இல், ஐ.நா. பாதுகாப்பு அவை 1718ஆம் எண் தீர்மானத்தைப் போட்டது. அப்போது தடை ஆயுதங்களுக்கும் ஆடம்பரப் பொருள்களுக்கும்தான். பத்தாண்டுகள் கழித்துத்தான் குறி மாறியது. 2016, 2017 தீர்மானங்கள் மொத்தப் பொருளாதாரத்தையும் பிடித்தன: நிலக்கரி, இரும்பு, மீன், ஆயத்த ஆடை எதையும் விற்க முடியாது, சுத்திகரித்த எண்ணெய் ஆண்டுக்கு 5 லட்சம் பீப்பாய்தான் வாங்கலாம், வெளிநாடுகளில் வேலை செய்யும் வட கொரியத் தொழிலாளர்கள் 2019 டிசம்பருக்குள் திரும்ப வேண்டும்.

காகிதத்தில் இது மிகக் கடுமையானது. ஆனால் தடைக்கென்று தனிப் போலீஸ் கிடையாது. ஒவ்வொரு நாடும் தன் துறைமுகத்தில், தன் வங்கியில், தானே அமல்படுத்த வேண்டும். வட கொரியாவின் வியாபாரம் முழுக்க ஒரே நாட்டோடு என்னும்போது, அந்த ஒரே நாடு எவ்வளவு மனம் வைக்கிறதோ அவ்வளவுதான் தடை. சீனா 2017இல் உண்மையாகவே இறுக்கியது, பிறகு தளர்த்தியது. நடுக்கடலில் ஒரு கப்பலிலிருந்து இன்னொன்றுக்குக் குழாய் வழியே எண்ணெய் மாற்றுவது வழக்கமாயிற்று.

டாலருக்கு வேறு வழி கண்டார்கள். 2016 பிப்ரவரியில் நியூயார்க்கில் இருந்த வங்கதேச மத்திய வங்கியின் கணக்கிலிருந்து கிட்டத்தட்ட 100 கோடி டாலரைக் கணினி வழியே உருவப் பார்த்தார்கள்; 8.1 கோடி டாலர் மணிலா வழியாகப் போயேவிட்டது. இதற்குப் பின்னால் வட கொரியா என்பது அமெரிக்க நீதித்துறையின் குற்றச்சாட்டு. இலங்கையில் உள்ள ஓர் அமைப்பின் பெயருக்கு அனுப்பிய 2 கோடி டாலர் தப்பியது, பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்ததால். 2025 பிப்ரவரியில் பைபிட் என்ற கிரிப்டோ சந்தையிலிருந்து 150 கோடி டாலர் காணாமல் போனதற்கும் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பு வட கொரியாவைத்தான் கைகாட்டியது. நிலக்கரி விற்றுச் சேர்க்கப் பல ஆண்டுகள் ஆகக்கூடிய பணம் ஒரே நாளில் வந்துவிடுகிறது.

தடையின் இன்னொரு முகமும் இருக்கிறது. 2017 டிசம்பர் தீர்மானம் உலோகத்தையும் எந்திரங்களையும் மொத்தமாகத் தடுத்தது. உணவும் மருந்தும் தடையில் இல்லை என்பது உண்மை. ஆனால் ஒரு மருத்துவமனைக்கு ஸ்கேன் எந்திரம் அனுப்ப வேண்டும், ஒரு கிராமத்துக்குக் கிணற்றுக் குழாய் போட வேண்டும் என்றால், பொருள் வாரியாகப் பட்டியல் போட்டு ஐ.நா. குழுவிடம் விலக்கு வாங்க வேண்டும். விலக்கு கிடைத்தாலும் பணம் அனுப்ப வங்கி பயப்படும். கப்பல் நிறுவனமும் பயப்படும்.

உதவியும் வியாபாரமும்

1995 பஞ்சத்தின்போது வட கொரியா வழக்கத்துக்கு மாறாக வெளிப்படையாக உதவி கேட்டது. ஐ.நா. உலக உணவுத் திட்டம் உள்ளே போனது. ஒரு கட்டத்தில் நாட்டில் மூன்றில் ஒருவர் அந்த உணவைச் சாப்பிட்டார்கள். பேரம் முழுக்க ‘நாங்கள் நேரில் பார்க்க விடுவீர்களா’ என்பதில்தான். பார்க்க விடாத மாவட்டத்துக்கு உணவு இல்லை என்றது உணவுத் திட்டம். எந்த ஊருக்கு என்றைக்கு வருகிறோம் என்று முன்கூட்டியே சொன்னால்தான் அனுமதி என்றது அரசு. மிகவும் தேவைப்படுபவர்களிடம் உதவி போய்ச் சேரவில்லை என்று சொல்லி எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 1998இல் வெளியேறியது. மற்றவர்கள் தங்கிவிட்டார்கள். இரண்டு முடிவுக்கும் நியாயம் உண்டு. உதவியைத் திருப்பி விட்டு ராணுவம் தின்கிறது என்பதும் உண்மை. அந்தத் தானியம் சந்தைக்குக் கசிந்து விலையைக் குறைத்தது என்பதும் உண்மை. தங்கியவர்கள் பக்கம்தான் என் மனம் சாய்கிறது.

வியாபாரத்துக்குச் சிறந்த உதாரணம் கேசோங். எல்லைக்கு வடக்கே, தென் கொரிய முதலும் வட கொரிய உழைப்பும் சேர்ந்த தொழிற்பேட்டை. 2004 முதல் 2016 பிப்ரவரி வரை நடந்தது. கடைசியில் 120க்கும் மேற்பட்ட நிறுவனங்கள், 50,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள். சம்பளம் டாலரில் அரசிடம் போகும், அரசு தொழிலாளிக்குத் தன் பணத்தில் கொஞ்சம் கொடுக்கும். தெற்கின் பழமைவாதிகள் இது கிம் குடும்பத்துக்குக் கொடுக்கும் மாதச் சம்பளம் என்று திட்டினார்கள், அதிலும் நியாயம் இருந்தது. ஆனால் நிர்வாகங்கள் நொறுக்குத்தீனியாகக் கொடுத்த ‘சாக்கோ பை’ கேக்குகளைத் தொழிலாளர்கள் தின்னாமல் சேர்த்துச் சந்தையில் விற்றார்கள். எல்லைக்கு அப்பால் இருப்பவர்கள் நல்ல சாப்பாடு சாப்பிடுகிறார்கள் என்ற செய்தி அதோடு நாடெங்கும் பரவியது. எந்த ஒலிபெருக்கிப் பிரச்சாரமும் அவ்வளவு தூரம் போயிருக்காது என்று நினைக்கிறேன்.

இந்தியா எங்கே இருக்கிறது?

கொஞ்சம் தள்ளி, ஆனால் உள்ளேதான். கொரியப் போரில் இந்தியா சண்டைக்கு ஆள் அனுப்பவில்லை, மருத்துவர்களை அனுப்பியது. ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ் தலைமையில் 60ஆவது பாராசூட் கள மருத்துவப் படைப்பிரிவு போர்முனையில் வேலை செய்தது. அவருக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. போருக்குப் பின், ஊர் திரும்ப மறுத்த கைதிகளை என்ன செய்வது என்ற சிக்கலைத் தீர்க்க அமைத்த நடுநிலை நாடுகள் ஆணையத்துக்கு ஜெனரல் திம்மய்யா தலைவர். 1973இல் இரண்டு கொரியாக்களோடும் இந்தியா ஒரே நேரத்தில் தூதரக உறவு வைத்துக்கொண்டது. 2017 ஏப்ரலில் ஐ.நா. தடைகளுக்கு ஏற்ப, உணவும் மருந்தும் தவிர மற்ற வியாபாரத்தை நிறுத்தியது. தூதரகத்தை மட்டும் விடவில்லை.

கொரோனா காட்டிக்கொடுத்தது

2020 ஜனவரியில், மற்ற நாடுகள் இது என்ன நோய் என்று விசாரித்துக்கொண்டிருந்தபோதே, வட கொரியா எல்லையை மூடிவிட்டது. சீனாவோடு 2019இல் சுமார் 280 கோடி டாலராக இருந்த வர்த்தகம் 2021இல் சுமார் 32 கோடிக்குச் சரிந்தது. ஐ.நா. பதினைந்து ஆண்டுகளாகச் செய்ய முடியாததை அந்த அரசு தனக்குத்தானே இரண்டு ஆண்டுகளில் செய்துகொண்டது. ஆட்சிக்கு எதுவும் ஆகவில்லை. சீன எல்லையில் புதிய வேலிகளும் காவல்கோபுரங்களும் எழுந்தன. 2009இல் 2,914 பேர் தெற்கே தப்பி வந்தார்கள். 2021இல் வந்தது 63 பேர். 2020 டிசம்பரில் வந்த புதிய சட்டம், தென் கொரியப் படங்களையும் நாடகங்களையும் பரப்பினால் மரண தண்டனைவரை போகலாம் என்றது.

தடைகளை வைத்து அந்த அரசைப் பணியவைக்கலாம் என்று கணக்குப் போட்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தன் மக்களின் வயிற்றை விலையாகக் கொடுத்தாவது கதவின் பிடியைக் கையில் வைத்துக்கொள்ளத் தயாராக இருக்கும் அரசை, ஏழ்மையைக் காட்டிப் பயமுறுத்த முடியாது. அதனால் தடை வீண் என்று நான் சொல்லவில்லை. ஹனோயில் அவர்கள் அதை நீக்கத்தான் கெஞ்சினார்கள். ஆயுதத்தின் வேகத்தைக் குறைக்கும், பேரத்துக்கு ஒரு பிடி கொடுக்கும். ஆட்சியை மாற்றும் என்று எதிர்பார்ப்பதுதான் தவறு.

அந்தப் பிடியும் இப்போது தளர்ந்திருக்கிறது. உக்ரைன் போருக்கு ரஷ்யாவுக்குக் குண்டுகள் தேவைப்பட்டன, வட கொரியாவிடம் கிடங்கு கிடங்காக இருந்தது. 2024 மார்ச்சில், தடைகள் மீறப்படுவதைக் கண்காணித்து வந்த ஐ.நா. நிபுணர் குழுவின் ஆயுளை நீட்டிக்கும் தீர்மானத்தை ரஷ்யா வீட்டோவால் தடுத்தது. ஏப்ரல் கடைசியோடு குழு கலைந்தது. ஜூனில் புதின் பியோங்யாங் போய்ப் பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். இலையுதிர்காலத்தில் ஆயிரக்கணக்கான வட கொரிய வீரர்கள் ரஷ்யாவின் கூர்ஸ்க் பகுதிக்குப் போனார்கள். இரண்டு பெரிய நாடுகளிடம் ஒரே சமயத்தில் வாங்கிக்கொள்ளும் தாத்தாவின் பழைய ஆட்டத்தைப் பேரன் மறுபடி தொடங்கிவிட்டார். தெற்கோடு மறு இணைப்பு என்ற பேச்சே இனி இல்லை என்று 2024 ஜனவரியில் அறிவித்தார்; அக்டோபரில் இரு நாடுகளையும் இணைத்த சாலைகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

கதவு எந்த வரிசையில் திறந்தது என்பதையும் பாருங்கள். கொரோனாவுக்குப் பின் 2024 பிப்ரவரியில் முதலில் நுழைந்த சுற்றுலாப் பயணிகள் ரஷ்யர்கள், பனிச்சறுக்கு விளையாட. செப்டம்பரில் ஸ்வீடன் தூதர்கள் திரும்பினார்கள், பிறகு போலந்து. 2021 ஜூலையில் வெளியேறியிருந்த இந்திய ஊழியர்கள் 2024 டிசம்பரில் போய்த் தூதரகத்தைத் திறந்தார்கள். 2021 மார்ச்சில் கிளம்பிய ஐ.நா. உணவுத் திட்டத்தின் வெளிநாட்டு ஊழியர்களுக்கு 2024 முழுக்க அனுமதி வரவில்லை. ஊர் ஊராகப் போய் எந்தக் குழந்தை மெலிந்திருக்கிறது என்று பார்ப்பதும், அதை எழுதி வெளியே அனுப்புவதும் அவர்களுடைய வேலை.